ரோசம்மா மதினியின் நெஞ்சில் இருந்த பெயர்

"சேலைய நல்லாத் தூக்கிப் பிடிங்கடி. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆம்பளைக நிக்கிறாக."

இப்படிச் சொன்னது நான்தான். ரோசம்மா மதினி வீட்டுக் கொல்லைப்புறம், பிற்பகல் மூன்று மணி வெயில். பெஞ்சின் மேல் மதினி கிடக்கிறாள். நான்கு பெண்கள் நான்கு பக்கமும் பழைய சேலைகளைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். உள்ளே நானும் டெய்லர் ஸ்டெல்லாவும் மட்டும். ஒரு வாளி வெந்நீர், ஒரு வாளி பச்சைத் தண்ணீர், புது சோப்பு, சீயக்காய்.

அன்று காலைதான் தெருக்குழாயில் குடத்தை நகர்த்தச் சொல்லி என்னோடு சண்டை போட்டாள் மதினி. மத்தியானச் சோற்றுக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பெண் யார் இறந்தாலும் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுவதைத்தான் நீங்கள் இந்தப் பத்திரிகையில் வாராவாரம் படிக்கிறீர்கள். கோயிலில் வாசகம் வாசிக்க என்னால் ஆகாது. பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பேன். இறந்தவரைக் குளிப்பாட்ட எழுத்து வேண்டாம், கை போதும்.

அந்த வேலைக்கு இரண்டே சட்டம். உடம்பின் மேல் ஒரு துணி எந்நேரமும் கிடக்க வேண்டும். அதற்கு அடியில் கை போகலாம், கண் போகக் கூடாது. அப்படியும் தப்பித்தவறிக் கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால், அதைக் குளிப்பாட்டிய தண்ணீரோடு ஊற்றிவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

எத்தனையோ பட்டிருக்கிறது. ஊரே நல்லவன் என்று சொன்ன ஒருத்தன் பெண்டாட்டியின் முதுகில் பெல்ட்டுத் தழும்பு பார்த்திருக்கிறேன். ஊற்றிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. சகாயமேரி வாய் கல்லறை மாதிரி என்று ஊரில் பேர். அந்தப் பேரில் எனக்கு உள்ளுக்குள் கொள்ளைச் சந்தோசம்.

அதெல்லாம் ரோசம்மா மதினி வரைக்கும்தான்.

சம்மனசு ஆணா, பெண்ணா

நேராகச் சொல்ல வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

சின்ன வயதில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த சிஸ்டர் ஒருவர், பெண் பிள்ளைகள் குளிக்கும்போது பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிக்க வேண்டும் என்பார். கதவைத் தாழ் போட்டிருந்தாலும் சரி. ஏனென்றால் நமக்குப் பக்கத்தில் காவல் சம்மனசு, அதாவது கடவுள் அனுப்பிய தூதர், எப்போதும் நின்றுகொண்டிருக்கிறார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "சம்மனசு ஆம்பளையா, பொம்பளையா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"சம்மனசுக்கு உடம்பே கெடையாது."

"உடம்பே இல்லாதவரு நம்ம உடம்பப் பாத்து என்ன செய்யப் போறாரு?"

நடுமண்டையில் ஒரு குட்டு விழுந்தது. ஆனாலும் அந்தக் குட்டு நன்றாக இறங்கிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டு பாத்ரூமில், டைல்ஸ் பதித்து, ஷவர் வைத்து, உள்ளே தாழ் போட்டு, நான் பாவாடை கட்டிக்கொண்டுதான் குளிக்கிறேன். என் முதல் பிரசவத்தில் நர்சம்மாவோடு பாவாடைக்காக மல்லுக்கட்டினேன். "ஏம்மா, பிள்ள வேற எந்த வழியா வரும்னு நெனச்ச?" என்று அந்த அம்மா கேட்டது வார்டு பூராவும் கேட்டது.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். ஒரு கிறிஸ்துமசுக்குக் கோயில் குடிலில் புதுக் குழந்தை சுரூபம் வைத்திருந்தார்கள். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. மார்கழிப் பனி வேறு. ஊரெல்லாம் வந்து பார்க்கிறதே, பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நினைப்பாள் என்று எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சத் துணியில் சின்னதாக ஒரு ஜட்டி தைத்துப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் சாமியார் பிரசங்கத்தில், "ஆண்டவர் நம்மைப் போல உடம்போடு பிறந்தார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜட்டி தைத்த தாய் வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்றார். நான் போகவில்லை. யாரென்று தெரிந்துவிடுமே.

உடம்பு கடவுள் குடியிருக்கும் கோயில் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கோயிலைப் பூட்டி வைக்கத்தான் கற்றுக்கொண்டோம்.

ரோசம்மா மதினியின் துணிப்பை

அந்தப் பூட்டுக்குச் சாவி வைத்திருந்தவள் ரோசம்மா மதினி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில் வாசலில் ஒரு மஞ்சள் துணிப்பையோடு நிற்பாள். பை நிறைய சால்வை, துப்பட்டா, துண்டு. முக்காடு இல்லாமல் வருகிறவள், முதுகு இறக்கி ஜாக்கெட் போட்டவள், லெக்கின்ஸ் போட்ட பிள்ளை, யாரும் அவள் கண்ணுக்குத் தப்ப முடியாது. அவளுடைய ரவிக்கையோ கழுத்தெலும்பு தெரியாமல் ஏறியிருக்கும். கை முழங்கைக்குக் கீழே இறங்கியிருக்கும்.

அவள் பிறந்தது ஆயக்குடிப் பக்கம். திட்டினாலும் 'ங்க' போட்டு மரியாதையாகத் திட்டுவாள். அதில்தான் எரியும்.

போன வருசம் என் பேத்தி ஜெனிஃபர், காலேஜில் படிக்கிற பிள்ளை, கை வைக்காத சுடிதாரில் வந்தாள். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிறாள். மதினி வாசலிலிருந்து நடுக்கோயிலுக்கு நடந்து வந்து, அவள் தோளில் ஒரு பழைய துண்டைப் போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சகாயம், பேத்திக்குக் கை வைக்கத் துணி பத்தலீங்களா? எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு மொழம் குடுத்திருப்பனுங்களே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிள்ளை துண்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. கேட்டால், "அங்க சாமி என் தோளத்தான் பாத்துட்டிருக்காருன்னா நான் எதுக்கு வரணும் அப்பத்தா?" என்கிறாள்.

உண்மையைச் சொன்னால், அந்தச் சட்டை எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் என் பேத்தியை நான்தானே திட்ட வேண்டும். மதினி மேல் ஒரு கங்கு என் வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கங்கோடுதான் அன்று நான் அவளைக் குளிப்பாட்டப் போனேன்.

மூன்று உருவம்

மதினி நைட்டியோடு இறந்திருந்தாள். கை விறைத்துவிட்டதால் கழற்ற முடியவில்லை. ஸ்டெல்லா கத்தரிக்கோலால் கழுத்திலிருந்து வெட்டினாள். நான் மேலே போர்த்திய துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீர் ஊற்றினேன். ஸ்டெல்லா சீயக்காய் எடுக்கத் திரும்பிய நேரம், ஈரத்தில் துணி வழுக்கிக் கீழே விழுந்தது.

கண்ணை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. வேண்டுமென்றேதான் பார்த்தேன் என்று மருமகளிடம் எழுதச் சொல்கிறேன். இம்புட்டு மூடி வைத்தாளே, அப்படி என்னதான் வைத்திருக்கிறாள் என்று பார்த்தேன்.

மார்பின் மேல், சுருங்கிப்போன தோலில், பச்சை குத்தியிருந்தது. பழைய பச்சை, பாசி படிந்த மாதிரி மங்கியிருந்தது. சிலுவை இல்லை, கோலம் இல்லை. எழுத்து.

எனக்கு எழுத்து தெரியாது என்றாலும் கோலம் போடுகிற கண். ஒருமுறை பார்த்தால் போதும். மூன்று உருவம். முதலில் காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒருத்தன். அடுத்தது கம்பு ஊன்றி நிற்கிற ஒருத்தன். கடைசியில் வாலை அடியில் சுருட்டிக்கொண்ட பூனை.

துணியை எடுத்து மூடினேன். குளிப்பாட்டி முடித்தோம். கல்யாணச் சேலை கட்டி, கையில் செபமாலை சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். நானும் ஸ்டெல்லாவும் கொல்லையில் கை கழுவ உட்கார்ந்தோம். வாளியில் மிச்சத் தண்ணீர் இருந்தது. அதோடு ஊற்றியிருக்கலாம்.

நான் விரலைத் தண்ணீரில் நனைத்து, சிமெண்டுத் தரையில் அந்த மூன்று உருவத்தையும் வரைந்தேன்.

"ஸ்டெல்லா, இது என்ன எழுத்துடி?"

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ராசு. எதுக்குக்கா?"

மதினியின் புருசன் பெயர் அருளப்பன். அப்பா பெயர் சவரிமுத்து. மகள் ஒருத்திதான், பிலோமினா. ராசு என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கிடையாது. போதாததற்கு அது கிறிஸ்தவர்கள் வைக்கிற வேதக்காரப் பெயரே இல்லை.

எங்கே பார்த்தேன் என்று நான் வாயால் சொல்லவில்லை. என் கண் மதினியைக் கிடத்தியிருந்த பெஞ்சின் பக்கம் போனது. ஸ்டெல்லா புரிந்துகொண்டாள்.

"ஆத்தாடி," என்றாள் மெதுவாக. "அதான் ஒவ்வொரு ரவிக்கைக்கும் கழுத்த ஏத்து, இன்னுங் கொஞ்சம் ஏத்துன்னு உசுர எடுத்துச்சா."

தரையில் எழுத்து காய்ந்துபோனது. எங்கள் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. உள்ளே பிலோமினா அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பார்த்ததைச் சொன்னால் என்ன தப்பு

ஸ்டெல்லா மேல் பழி போட மாட்டேன். அவள் படித்தாள். பரப்பினது நான்.

எங்கள் தெருவில் இருபது வீடு சேர்ந்து வாரம் ஒருநாள் செபம் சொல்வோம். அன்பியம் என்று பெயர். அடக்கம் முடிந்த மறுவாரம், செபம் முடிந்து சுண்டல் தின்கிற நேரத்தில், மதினியைப் பற்றி எல்லோரும் நல்லதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன ஒழுக்கம், என்ன அடக்கம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவளைப் போல் யார் சொல்வார்கள் என்று. என் பேத்தியின் தோளில் விழுந்த துண்டு எனக்கு ஞாபகம் வந்தது.

"மூடி வச்சவளுக்குத்தான தெரியும், என்னத்த மூடுனோம்னு," என்றேன்.

அவ்வளவுதான். மீதியை அவர்கள் பிடுங்கவில்லை; நானே கொடுத்தேன். சொல்லும்போது வாய் இனித்தது. அதையும் மறைக்கவில்லை.

நான்கு நாளில் ஊர் சுற்றி வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ விற்கிற ராசுவிடம் போய் எவளோ ஒருத்தி, "ரோசம்மா அடக்கத்துக்கு நீங்க வரலையா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் பெண்டாட்டி பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கணக்குச் சொல்லியிருக்கிறாள்: "அந்தம்மா பச்சை குத்துனப்ப இந்த மனுசன் டவுசரப் பிடிச்சுக்கிட்டு மூக்கு ஒழுகத் திரிஞ்சிருப்பாரு. வேற ராசுவத் தேடிப் போங்க."

தேடினார்கள். வத்தலக்குண்டில் ஒரு ராசு, வடமதுரையில் லாரி வைத்திருந்த ஒரு ராசு என்று ஆள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள்.

ஞானோபதேசத்தில் கேட்ட கதை ஒன்று உண்டு. வெள்ளத்துக்குத் தப்பப் பெட்டகம் கட்டிய பெரியவர், வெள்ளம் வடிந்த பிறகு ஒருநாள் குடித்துவிட்டு, துணி விலகிக் கிடந்தார். ஒரு மகன் பார்த்துவிட்டுப் போய் அண்ணன் தம்பிகளிடம் சொன்னான். மற்ற இரண்டு பேரும் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்துபோய் அப்பனைப் போர்த்தினார்கள். சாபம், பார்த்துச் சொன்னவன் வம்சத்துக்கு.

"அவன் பாத்தத்தான சிஸ்டர் சொன்னான்? பொய்யா சொன்னான்?" என்று அன்றைக்கும் நான் கேட்டேன். சம்மனசு கேள்விக்கு வாங்கியது போதாதென்று இதற்கும் ஒரு குட்டு. ஏன் குட்டினார் என்று இந்த வயதில் விளங்கியது.

பிலோமினா வந்தாள்

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிலோமினா வந்து எதிரே நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அத்தை, எங்கம்மாவக் குளிப்பாட்டுறப்ப நாலு பக்கமும் சேலை பிடிச்சாங்களே. யாரு பாக்கக் கூடாதுன்னு பிடிச்சாங்க?"

நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"இப்ப ஊரே பாத்திருச்சு. அம்மாவ நடுத்தெருவுல அவுத்துப் போட்டாச்சு. நேத்து மார்க்கெட்டுல ஒருத்தி என் தாவாயப் பிடிச்சுப் பாத்துட்டு, நீ ஜாடையில அருளப்பண்ணன் மாதிரி இல்லையேங்குறா. நான் யாருக்குப் பொறந்தேன்னு இனி நான் வேற விசாரிக்கணும்."

"அப்படி நான் சொல்லலத்தா."

"யாரு அத்தை அந்த ராசு?"

"தெரியாதுத்தா."

"தெரியாமலா சொன்னீங்க?"

வெங்காயம் உரித்ததால் கண்ணில் தண்ணீர் ஏற்கெனவே இருந்தது. அது அழுகை என்று அவள் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

"அப்பா காதுக்கு இன்னும் போகல," என்றாள். "அவருக்குக் காது மந்தம், அதனால தப்பிச்சாரு. முப்பதாம் நாள் பூசைக்குச் சொந்தபந்தமெல்லாம் வரும். எவனாவது காதுல போய்க் கத்துவான். அதுக்குள்ள நீங்களே வந்து உங்க வாயால சொல்லுங்க. ஊர் சொல்லிக் கேட்டா அவரு அதோட போயிருவாரு. நீங்க சொன்னா உங்களத் திட்டவாச்சும் செய்வாரு."

"அவரு உங்கம்மாவச் சந்தேகப்பட்டா?"

"படட்டும். நானே பட்டுட்டேன்."

அதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள். என்னால் தொட்டுத் தேற்ற முடியவில்லை. அவள் அம்மாவைத் தொட்ட கை.

கத்திச் சொன்னேன்

அருளப்பன் அண்ணன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், "வா தாயி. சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனத்துக்கு வழி பண்றேன். பிலோமி வச்சா காரம், நான் வச்சா உப்பு," என்றார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். பிலோமினா நிலைப்படியில் நின்றாள்.

"அண்ணே, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன உப்பு?"

"தப்பு. தப்புப் பண்ணிட்டேண்ணே."

"சத்தமாச் சொல்லு தாயி."

மெதுவாகச் சொன்னது ஊருக்கெல்லாம் கேட்டது. கத்திச் சொன்னாலும் இவருக்குக் கேட்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. வேறு வழியில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் போய், எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். மதினி நெஞ்சில் ஒரு பெயர் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தேன் என்று. அதை ஊரில் சொன்னேன் என்று. ஊர் தப்பாகப் பேசுகிறது என்று.

"என்ன பேரு?"

"ராசுண்ணே."

அவர் கையிலிருந்த மொச்சை விழவில்லை. உரித்த தோலை மடியிலிருந்த முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ராசுன்னா போட்டிருந்துச்சு?"

"ஆமாண்ணே. எனக்கு எழுத்துத் தெரியாது. ஸ்டெல்லா படிச்சுச் சொன்னா."

"பதினாறு நாள் இருந்தான்," என்றார்.

பிலோமினா நிலைப்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

அவர்களுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பட்டாளத்தில் இருந்த தன் அண்ணன்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று அருளப்பன் அண்ணனுக்கு ஆசை. அவர் லீவில் வரட்டும் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார். "அவ கெஞ்சுனா. 'பிள்ளைக்குத் தண்ணி ஊத்திரலாமுங்க, சாமியாரு வராட்டி நாமளே ஊத்திக்கலாமுங்க'ன்னு. நான் கேக்கல. ஒரு மத்தியானம் ஜன்னி கண்டுச்சு. வண்டி பிடிக்கப் போனேன். வண்டியோட வரயில பிள்ள இல்ல."

ஞானஸ்நானம் ஆகியிருந்தால் அந்தோணி என்றோ சூசை என்றோ ஒரு பெயர் இருந்திருக்கும். அது வரைக்கும் ராசு, ராசு என்று கொஞ்சியிருக்கிறார்கள். அந்தக் கொஞ்சல் ஒன்றுதான் அவனுக்குப் பெயர். தண்ணீர் ஊற்றாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் பெரியவர்கள் சொன்னார்கள். சுவருக்கு வெளியே ஆவாரம் புதர் ஓரம் வைத்தார். அதன் மேல் இப்போது ரோடு போகிறது.

"இனிமே அவன் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு அவகிட்டச் சொன்னேன். என்னால தாங்க முடியல, எடுக்காதன்னேன். எடுக்கல. அன்னைக்கி வாய மூடுனவ, சாகுற வரைக்கும் எங்கிட்ட எடுக்கல. ஆயக்குடிக்கு ஆத்தா வீட்டுக்குப் போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தா. அங்கதான் குத்தியிருப்பா."

"உங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "எப்பிடித் தாயி தெரியும்? கல்யாணமாகி அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. வெளிச்சத்துல நான் அவளப் பாத்ததில்ல. நல்ல வேதக்காரப் பொம்பளைக்கு அதுதான் அழகுன்னு அவ நெனச்சா. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

பிலோமினா அவர் மடியிலிருந்த முறத்தை எடுத்துக் கீழே வைத்தாள். "எனக்கு அண்ணன் இருந்தானாப்பா?"

"நீ அவனுக்கு ரெண்டு வருசம் இளையவ. அவன் என் மூஞ்சி. நீ எங்காத்தா மூஞ்சி, அந்தத் தாவாய் உட்பட. எவளோ தாவாயப் பிடிச்சாளாமே, எதுக்குன்னு இப்பத்தான் வெளங்குது. கடைத்தெருவுல பேசுறதெல்லாம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டியா?"

அவள் அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். நான் அங்கே இருக்கக் கூடாத ஆள். எழுந்திருக்கவும் முடியவில்லை.

"அண்ணே, ஊர்ல நான் இப்ப என்னன்னு சொல்ல? மதினி மூடி வச்சத மறுபடியும் நான் தொறக்கவா?"

அவர் மகளின் தலையில் கை வைத்தார். "நீ தொறந்தத நீயே நேர் பண்ணு. பிள்ள பேருன்னு சொல்லு. முப்பதாம் நாள் பூசையில அவ பேரோட அவன் பேரையும் வாசிக்கச் சொல்லு. கோயில்ல ஒருநாளும் அவன் பேரு கேட்டதில்ல."

இந்தப் பத்திரிகையில் சொல்லலாமா என்பதையும் பிற்பாடு அவரிடம் கத்திக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

முப்பதாம் நாள்

அந்த வார அன்பியத்தில், சுண்டல் வருவதற்கு முன்னால், எழுந்து நின்று சொன்னேன். மதினிக்கு ராசு என்று ஒரு மகன் இருந்தான் என்று. எனக்கு எழுத்தும் தெரியாது, அறிவும் கிடையாது என்று. ஸ்டெல்லா மட்டும், "எத்தன தடவை டேப்ப வச்சு அளந்தேன். ஒரு தடவை ஏன்னு கேட்டதில்லையேக்கா," என்றாள். சுண்டல் அப்படியே திரும்பிப் போனது. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பூசையில் இளம் சாமியார் சீட்டைப் பார்த்து வாசித்தார். "ரோசம்மாள், அவருடைய மகன் ராசு, இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." வேதக்காரப் பெயர் அல்லாத ஒரு பெயர் எங்கள் பீடத்திலிருந்து கேட்டது. அருளப்பன் அண்ணன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்து கோயில் வளாகத்திலேயே சாப்பாடு. இலை எடுத்துப் போட்டுவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் பந்தலில் எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"தாயி, ஒண்ணு கேக்கணும். மகள வச்சுக்கிட்டுக் கேக்க முடியல."

"கேளுங்கண்ணே."

"அவன் பேரு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

நான் மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் காட்டினார். இன்னும் சத்தமாகச் சொன்னால் பந்தலுக்கே கேட்கும். மதினி உடம்பைப் பற்றி இனி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து ஊர் கேட்கக் கூடாது.

பிரசவத்தில் நர்சம்மாவோடு மல்லுக்கட்டிய நான், ஒரு ஆண்பிள்ளை முன்னால், ஈரக் கையைத் தூக்கி என் மார்பின் மேல் வைத்தேன். இடது பக்கம். ஒரு எழுத்து அகலத்துக்கு விரலால் காட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "அவன் அந்தப் பக்கந்தான் குடிப்பான்."